ஒட்டுப் போர்வையும் நம் ரசனையும்

இரத்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தின் லயத்தில், இஸ்தோப்புக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு போர்வையைப் பற்றி எழுதவேண்டும் என்று பல நாட்களாக எண்ணிக்கொண்டிருந்தேன். இலக்கியப் பத்திரிகையில் போர்வைக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். அந்தக் கேள்வி எங்கிருந்து பிறக்கிறது என்பதையே நான் விசாரிக்க விரும்புகிறேன்.

மாத்தளை நகருக்குக் கிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது இரத்தோட்டை. கீழே மிளகும் கொக்கோவும். மேலே ஏற ஏற ஏலமும் தேயிலையும். ரிவஸ்டன் பக்கமிருந்து மூடுபனி இறங்கிவிட்டால் பகலிலேயே உடம்பு நடுங்கும். அங்கே போர்வை அலங்காரப் பொருளல்ல. நான் கண்ட போர்வையின் அடிப்புறம், ஒரு காலத்தில் கோதுமை மா வந்த துணிப்பை. வெளுத்துப்போன எழுத்துக்கள் இன்னும் தெரிந்தன. நடுவில் ஒரு கறுப்புக் கம்பளி. மலைநாட்டுப் பெண்கள் கொங்காணியாகத் தலையில் மாட்டிக்கொண்டு மழையிலே கொழுந்து பறித்தார்களே, அந்தக் கம்பளிதான். மழைக்குத் தாங்காமல் இற்றுப்போன பின் இதற்குள் வந்து அடைக்கலம் புகுந்திருக்கிறது. மேற்புறம் முழுவதும் கையகலச் சேலைத் துண்டுகள், சட்டைத் துண்டுகள், பாவாடைக் கரைகள். மூன்று படைகளையும் ஊடுருவிக்கொண்டு ஓடியது நெருக்கமான கைத்தையல்.

தைத்தவர் ஓய்வுபெற்ற தொழிலாளி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கூடை சுமந்த முதுகு. நான் போர்வையைத் தொட்டுப் பார்ப்பதைக் கண்டதும் அவருக்கு வெட்கமாகிவிட்டது. "கந்தலுங்க ஐயா, கழுவிப் போட்டிருக்கேன்" என்றார். வந்தவன் கண்ணில் வறுமை பட்டுவிட்டதே என்ற வெட்கம். நான் ஒரு மூலையைக் காட்டி, இத்தனை பச்சைக்கு நடுவே ஒரே ஒரு சிவப்பு ஏன் என்று கேட்டேன். சற்று நேரம் என்னை உற்றுப் பார்த்தார். கேலி செய்கிறேனோ என்ற சந்தேகம் நீங்கிய பிறகு சொன்னார்:

"அந்த எடத்துல பச்சையே வச்சா தூங்கிப் போயிருதுங்க. மொதல்ல மஞ்ச வச்சேன், சரிப்படல, பிரிச்சேன். ஊதா வச்சேன், அதையும் பிரிச்சேன். செவப்பு வச்ச பொறகுதான் முழிச்சிக்கிச்சு."

இரண்டு முறை பிரித்திருக்கிறார்! குளிருக்கு எல்லா நிறமும் ஒன்றுதான். குளிருக்காகத் தைக்கிறவர் ஒரு முறை தைத்துப் போர்த்திக்கொண்டு உறங்கிவிடுவார். பகலெல்லாம் மலையில் நின்றுவிட்டு வந்து, குப்பி விளக்கின் முன் அமர்ந்து, நன்றாக இருந்த தையலைப் பிரித்து மீண்டும் தைக்கிறவரின் மனத்தில் குளிர் மட்டும் இல்லை. அங்கே ரசனை இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது, தன் தீர்ப்பை மாற்றிக்கொள்ளும் துணிவும் இருக்கிறது. இந்த நிற ஞானம் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசி மகத் தேர்களைச் சிறு வயது முதல் பார்த்து வந்தாராம். தேரில் தொங்கும் சீலைகளைப் பார்த்துக்கொண்டே நின்று, கூட்டத்தில் ஒரு முறை தொலைந்தும் போனாராம். தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் தேர்த் தொம்பை தைக்கும் கைவினைஞர்களும் துணியின் மேல் துணியை வெட்டி வைத்துத்தான் தைக்கிறார்கள். கடல் கடந்து வந்த அந்த மரபு லயத்துக் காம்பராவில் போர்வையாகியிருக்கிறது என்று சொன்னால் மிகையாகுமோ என்னவோ. அவர் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன்.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இத்தகைய போர்வை தைப்பது இலட்சக்கணக்கானோரின் பொழுதுபோக்கு. அதற்கென்றே கடைகள், அதற்கென்றே பருத்தித் துணிகள், அதற்கென்றே பஞ்சுப் படைகள். விலை கொடுத்து வாங்கிய புதுத் துணியைத் துண்டு துண்டாக வெட்டி, வெட்டியதை மீண்டும் சேர்த்துத் தைக்கிறார்கள். இதைக் கேட்டு நம்மில் சிலர் நகைப்பார்கள். நான் நகைக்கமாட்டேன். நாள் முழுவதும் யாருக்கோ உழைத்துவிட்டு, மாலையில் தன் கைக்கும் கண்ணுக்கும் பிடித்த ஒன்றைச் செய்ய ஒருவருக்கு நேரமும் துணியும் கிடைப்பது நல்ல காரியம். அது எல்லோருக்கும் கிடைக்கவேண்டும் என்பதற்காகத்தானே எட்டு மணி நேர வேலைக்காகப் போராடினார்கள்! எனது ஆட்சேபம் வேறு. ஓய்வுள்ளவர் தைத்தால் அது கலை, பொழுதுபோக்கு, ஆத்ம திருப்தி. ஓய்வில்லாதவர் தைத்தால் அது கந்தல். ஊசி ஒன்று, தையல் ஒன்று, நிறத்தைத் தேடும் மனமும் ஒன்று. பெயர் மட்டும் இரண்டாகிவிடுகிறது.

இந்தக் குற்றத்தைப் பிறர்மேல் சுமத்திவிட்டுத் தப்பித்துக்கொள்ள முற்போக்காளர்களாகிய நமக்கு உரிமையில்லை. நமது கதைகளையும் கவிதைகளையும் புரட்டிப் பாருங்கள். ஒட்டுப் போட்ட சேலை எத்தனை முறை வருகிறது! ஒவ்வொரு முறையும் அது வறுமையின் அடையாளமாகவே வருகிறது. ஒட்டுப் போட்டவள் எந்த நிறத்தின்மேல் எந்த நிறத்தை வைத்தாள் என்று எந்தக் கதாசிரியராவது கேட்டிருக்கிறாரா? அவள் பசியை நாம் கண்டோம். அவள் கண்ணைக் காணவில்லை. உழைப்பவருக்கு வயிறு மட்டும்தான் உண்டு என்று தோட்டத்துத் துரை நினைத்ததில் வியப்பில்லை. அவருக்காகப் பேச வந்த நாமும் ஏறக்குறைய அப்படியே எழுதிவிட்டோம். மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளை லயம் லயமாகக் கேட்டு நாட்டுப் பாடல்களைத் தொகுத்தார். அதனால் அந்த மக்களின் வாயிலிருந்து பிறந்த கலை பிழைத்தது. கையிலிருந்து பிறந்த கலைக்கு அப்படி ஒருவர் வந்து சேரவில்லை. பாட்டைப் பாடினால் மீண்டும் கேட்கலாம். போர்வையோ போர்த்தப் போர்த்தத் தேய்ந்துபோகும் பொருள்.

கலை வேறு, கைவினை வேறு என்ற பிரிவினையை நம் நாட்டில் உரக்க மறுத்தவர் ஆனந்த குமாரசுவாமி. கனிம வள ஆய்வுக்காகக் கண்டிய மலைகளில் அலைந்தபோது அவர் கண்ட கைவினைகளே 1908இல் வெளிவந்த 'இடைக்காலச் சிங்களக் கலை' என்ற பெருநூலுக்கு விதை. பிரிட்டிஷ் சோஷலிஸ்டும் துணி வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸின் கெல்ம்ஸ்காட் அச்சகத்தில் ஓடிய அதே இயந்திரத்தில் அந்நூல் அச்சாயிற்று என்பது பொருத்தமான செய்தி. கண்டியப் பெண்கள் தைத்த வெற்றிலைப் பைகளின் ஊசிவேலையைக்கூட அவர் அலட்சியம் செய்யவில்லை. அவர் நூலின் பொருள் பழைய சிங்களக் கலை. அதில் தோட்டத் தமிழரைக் காணோம் என்று குறை சொல்வது நியாயமல்ல. ஆயினும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அவருடைய கைவினைஞர் மன்னருக்கும் விகாரைக்கும் ஊழியம் செய்து, அதற்கீடாக நிலம் பெற்று வாழ்ந்தவர். அந்த அமைப்பு அழிந்ததற்கு அவர் வருந்தினார். அவர் நடந்த அதே மலைகளில் நிலமே இல்லாத ஒரு கூட்டம் வந்து குடியேறியிருந்தது. அவர்களுக்கு அழிவதற்குக்கூடப் பழைய அமைப்பு இல்லை. நிலமும் மானியமும் இல்லாதவரிடம் கலை எப்படி முளைக்கிறது என்ற கேள்விக்குக் குமாரசுவாமியிடம் விடை தேடிப் பயனில்லை. மோரிஸோ தன் துணிகளைச் செல்வந்தர்தான் வாங்க முடிகிறது என்பதை அறிந்து மனம் புழுங்கியவர். அந்தப் புழுக்கம் நமக்குக் கூடுதலாக உதவும்.

மாத்தளைக்கு வடக்கே, தம்புள்ளை செல்லும் பெருஞ்சாலையோரத்தில் அலுவிகாரை இருக்கிறது. வலகம்பா மன்னன் காலத்தில் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்ட இடம் என்று அதைப் போற்றுகிறார்கள். அந்தத் திரிபிடகத்தின் விநயப் பகுதியில் ஒட்டுத் துணியைப் பற்றி ஓர் அழகான கதை உண்டு. மகத நாட்டு வயல்களின் வரப்புகளைக் காட்டி, அவற்றைப் போலத் துண்டு துண்டாகச் சேர்த்துச் சீவரம் தைக்க முடியுமா என்று புத்தர் ஆனந்தரைக் கேட்டாராம். ஆனந்தர் தைத்துக் காட்டினாராம். ஆக, துறவியின் உடையே ஓர் ஒட்டுத் தையல்தான். அங்கே ஒட்டு புனிதமாயிற்று, லயத்தில் வெட்கமாயிற்று.

அதே அலுவிகாரையில்தான் ஈனா டி சில்வா (1922–2015) கிராமத்துப் பெண்களைக் கொண்டு பத்திக், ஊசிவேலைப் பட்டறையை நடத்தினார். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டிய பெந்தோட்டைக் கடற்கரை விடுதியின் மண்டபக் கூரையை அலங்கரித்த பத்திக் துணிகள் அவருடையவை. துணியைச் சுவரிலிருந்து எடுத்துக் கூரைக்கு ஏற்றிய அவருடைய கற்பனை பெரிது. பெண்கள் தம் ஊரைவிட்டுப் போகாமல் ஊசியால் கூலி பெற வழி செய்தது அதைவிடப் பெரிது. அவர் மேல்தட்டுக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதற்காக இந்தப் பெருமையை மறைப்பது விமர்சனமாகாது. ஆனால் அந்தத் துணிகளைப் பார்க்கிறவர் நினைவில் நிற்பது வடிவமைத்தவரின் பெயர். மெழுகு தொட்டவர், நூல் கோத்தவர் பெயர் நிற்பதில்லை. அலுவிகாரையில் ஊசிவேலைக்குக் கூலி உண்டு. இரத்தோட்டை லயத்தில் கூலி வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் ஊசிவேலை. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. ஆயினும் இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்க முடியும்.

அப்படிப் பார்த்தால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்தே ஓர் உதாரணம் இருக்கிறது. அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்தோடும் இடத்தில், ஜீஸ் பெண்ட் என்ற கறுப்பு மக்களின் ஊர். பருத்தித் தோட்டத்து அடிமைகளின் வழிவந்தவர்கள். ஆண்களின் வேலைக் கால்சட்டை கிழிந்தால் அதையும் போர்வையாக்கினார்கள். முழங்கால் தேய்ந்த இடம் வெளுத்தும், பை இருந்த இடம் கருநீலமாயும் அப்படியே தெரியும். 1962இல் அங்குள்ளோர் வாக்காளராகப் பதிவு செய்ய முயன்றபோது, ஆற்றைக் கடக்கும் படகுச் சேவையை நிறுத்திவிட்டார்கள். அது மீண்டும் ஓடத் தொடங்கியது 2006இல். 1966இல் அந்த வட்டாரப் பெண்கள் 'விடுதலைப் போர்வைக் கூட்டுறவு' ஒன்றை அமைத்தார்கள். 2002இல் அவர்கள் போர்வைகள் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் போலத் தொங்கின. 2006இல் தபால் தலைகளிலும் ஏறின. விமர்சகர்கள் அவற்றை நவீன ஓவியர்களின் படைப்போடு ஒப்பிட்டு வியந்தார்கள். 2007இல் தைத்த பெண்கள் சிலர், தங்கள் படைப்பால் பிறர் அடைந்த ஆதாயத்தில் தமக்குரிய பங்கு கிடைக்கவில்லை என்று வழக்குத் தொடுத்தார்கள்; பின்னர் அது சமரசத்தில் முடிந்தது. கந்தல் கலையானவுடன் சந்தையும் கூடவே வந்துவிட்டது. இதில் இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. நவீன ஓவியனின் பெயரைச் சொன்னால்தான் அந்தப் போர்வைக்கு மண்டபத்தில் நுழைவுச் சீட்டு கிடைக்குமென்றால், அந்தப் பாராட்டிலும் ஓர் அவமதிப்பு இருக்கிறது.

இரத்தோட்டைப் போர்வைக்கு இப்போது திரும்புவோம். அதன் ஓரத்தில் ஒரு கத்தரிப்பூ நிறத் துண்டு இருந்தது. மற்றவை தேய்ந்து மங்கியிருக்க, அது மட்டும் புதிது போல் இருந்தது. அது தங்கையின் சேலையாம். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்குமாகப் பங்கு போட்டதே, அந்தப் பங்கீட்டில் அக்காள் இங்கே நின்றார், தங்கை தலைமன்னாரில் கப்பலேறினார். போகும்போது ஒரு சேலையை விட்டுப் போனார். அந்தச் சேலையை உடுத்தவும் மனம் வராமல், வைத்திருக்கவும் முடியாமல், வெட்டித் தைத்து வந்திருக்கிறார். "ஒரு போர்வைக்கு ஒரு துண்டுங்க. அதுக்கு மேல வைக்க மாட்டேன், தீந்து போயிரும்" என்றார். ஒப்பந்தத்தைப் பற்றி நூல்கள் எத்தனையோ வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றையேனும் நான் இந்தத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க விரும்புகிறேன்.

அவருக்கு இப்போது கண் மங்கிவிட்டது. பேத்தி நூல் கோத்துக் கொடுக்கிறாள். அதற்குமேல் அவள் ஊசியைத் தொடமாட்டாள். அவள் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்ததும், 1992இல் நாடெங்கும் 200 ஆடைத் தொழிற்சாலைகள் என்ற திட்டம் வந்ததும் கிராமத்துப் பெண்களையும் தோட்டத்துப் பெண்களையும் இயந்திரத்தின் முன் உட்கார வைத்துவிட்டன. 1877 முதல் இந்நாட்டில் விற்பனையாகிவரும் சிங்கர் தையல் மெசின் பாட்டியின் காம்பராவுக்கு வந்ததேயில்லை. பேத்திக்கோ மெசினைத் தவிர வேறொன்றும் பகலில் கண்ணில் படுவதில்லை. நாள் முழுவதும் அவள் தைப்பது காற்சட்டையின் ஒரே ஒரு விளிம்பு. முழுக் காற்சட்டையை அவள் தைத்ததில்லை. நீயும் பாட்டியைப் போல் ஒன்று தைத்துப் பாரேன் என்றேன், அறியாமல். "வீட்டுலயுமா சார் ஊசியப் புடிக்கச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. ஆனாலும் பாட்டிக்காக மாத்தளையில் நிறுத்து விற்கும் வெட்டுத் துணிகளை வாங்கி வருகிறவள் அவள்தான். வாங்கும்போது அவளும் நிறம் பார்த்துத்தான் எடுக்கிறாளாம். கண்டபடி அள்ளிக்கொண்டு வருவதில்லையாம். இதைச் சொன்னவர் பாட்டி, சற்றே குரலைத் தாழ்த்தி.

புதிதாகத் தைத்துக்கொண்டிருந்த ஒன்றைப் பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்து விரித்தார். பாதிதான் முடிந்திருந்தது. நீலம் கூடிப்போய் நின்றுவிட்டது, மூன்று வாரமாக ஒன்றும் ஓடவில்லை என்றார். பேசிக்கொண்டிருந்தவரின் பார்வை என் தோளில் தொங்கிய துணிப்பையில் நின்றது. "நல்ல மஞ்சளுங்க" என்றார். உள்ளிருந்த புத்தகங்களைக் கையில் எடுத்துக்கொண்டு பையைக் கொடுத்தேன். நீலத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எடுத்தார். வேறோர் இடத்தில் வைத்தார். நான் விடைபெற்றதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.