கண்ணகி வழக்கும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும்

மட்டக்களப்பு வாவிக்கும் கீழைக்கடலுக்கும் இடையே அமைந்த எழுவான்கரைக் கிராமங்களுள் ஒன்றான செட்டிபாளையம் கண்ணகி வழிபாட்டுக்குப் பெயர்பெற்றது. ஆண்டுதோறும் வைகாசியில் குளிர்த்தி பாடி அம்மனின் சினந்தணிக்கும் இம்மக்கள், அச்சினத்தின் காரணத்தையும் மறந்தாரல்லர். ஒருவன் சொல்லைக் கேட்டு, மற்றவனை விசாரியாது, அரசன் தீர்ப்பளித்தான் என்பதே அக்காரணம். சொல்லின் மெய்ம்மை பொய்ம்மையை ஆட்சியாளரே துணிவதால் நேரும் கேட்டினை வழிபாடாகவே பேணிவரும் ஒரு பிரதேசத்திலிருந்து நோக்கும்போது, இலங்கையின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் சில அடிப்படை ஐயங்களைத் தோற்றுவிக்கின்றது.

இதற்கான சட்டமூலம் 2023 செப்டெம்பரில் வர்த்தமானியில் வெளியாயிற்று. அதன் 57 வாசகங்களுள் 31 திருத்தப்படல் வேண்டும் என உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. 2024 ஜனவரி 24ஆந் திகதி பாராளுமன்றம் அதனை 62க்கு எதிராக 108 வாக்குகளால் நிறைவேற்றிற்று; 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாக அது நடைமுறைக்கு வந்தது. முகநூல், வாட்ஸ்அப் போன்ற தளங்களில் மக்கள் பரிமாறும் கூற்றுக்களுள் எவை பொய், எவை தடைசெய்யப்படத்தக்கவை எனத் தீர்மானிக்கும் அதிகாரம் ஐவர் கொண்ட ஆணைக்குழுவுக்கு வழங்கப்பட்டது. பொய்யான கூற்றால் தேசிய பாதுகாப்புக்கோ பொது ஒழுங்குக்கோ அச்சுறுத்தல் விளைவித்தவருக்கு ஐந்தாண்டுச் சிறைவரை விதிக்க இடமுண்டு.

இத்தகைய சட்டத்துக்குத் தேவையே இல்லை என்று கூறிவிடுதல் பொறுப்பான விமர்சனமாகாது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் உணவகம் ஒன்றிலே உணவில் மலட்டுமருந்து கலக்கப்படுகின்றது என்ற வதந்தி பரவியது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. மருந்தெனப்பட்டது வெறும் மாவுக்கட்டியே என்று அரச பகுப்பாய்வாளர் கண்டறிந்தது அதன் பின்னரேயாம். மறுமாதம் கண்டி மாவட்டத்தில் மூண்ட வன்செயலுக்கு முகநூலும் துணைபோயிற்று. 2020இல் அந்நிறுவனமே வருத்தந் தெரிவித்தது. இணையத்தில் பெண்கள் படும் இழிவும் கற்பனையன்று. சொல் கொல்லும் என்பதை மறுப்பதற்கில்லை. எவர் கையில், எந்த முறையில், அதனைத் தடுக்கும் அதிகாரம் இருக்கவேண்டும் என்பதே வினா.

வெறுப்புப் பேச்சைத் தண்டிக்கச் சட்டம் இல்லாமையாலா இவ்வன்செயல்கள் நிகழ்ந்தன? 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் இன, மத வெறுப்பைத் தூண்டுவதை ஏற்கெனவே குற்றமாக்கியிருந்தது. அச்சட்டத்தின் கீழ் 2019 ஏப்ரலில் கைதானோருள் ஒருவர் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார. முகநூலில் அவர் வெளியிட்ட சிறுகதையொன்றே காரணம். ஏறத்தாழ நான்கு மாதங்கள் அவர் மறியலில் இருந்தார். மறு ஆண்டு மே மாதத்தில், பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ், கவிஞர் அஹ்னாப் ஜஸீம் கைதானார். 'நவரசம்' என்னும் தமிழ்க் கவிதைத் தொகுதி தீவிரவாதம் போதிப்பதாகக் கூறப்பட்டது. வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளும் அதில் உள்ளன எனத் தமிழறிந்தோர் எடுத்துக்காட்டியும் பயனில்லை. 2021 டிசம்பரிலேயே பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

இவை சட்டத்தின் குறைபாடுகள் மட்டுமல்ல, வாசிப்பின் குறைபாடுகளுமாம். கதைமாந்தரின் கூற்றைக் கதாசிரியரின் கூற்றாகக் கொள்வதும், கண்டிப்பதற்காகக் கூறப்பட்டதைப் போற்றுதலாகக் கொள்வதும், திறனாய்வின் முதற்பாடத்தையே அறியாதார் செய்யும் பிழைகள். நூலாக அச்சேறிய கவிதைக்கே இக்கதி நேருமெனின், பேச்சு வழக்கும் கேலியும் குறிப்புமொழியும் கலந்து இருவர் விரைந்து பரிமாறும் உரையாடலை ஆணைக்குழு எங்ஙனம் வாசிக்கும்? நல்லெண்ணத்துடன் கூறப்பட்ட அபிப்பிராயத்தைச் சட்டம் பொய்க்கூற்றிலிருந்து விலக்குகின்றது. ஆயின் அந்நல்லெண்ணத்தை அளப்பவரும் முதற்கண் அதே ஆணைக்குழுவினரே. அவர்களை நியமிப்பவர் சனாதிபதி. அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் ஓரளவு காப்பேயெனினும், அரசைக் குறைகூறும் சொல்லை அரசுத் தலைவர் நியமித்தோர் நிறுத்துப் பார்க்கும் நிலை அதனால் நீங்கிவிடவில்லை.

அயல்நாட்டு அனுபவமும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச்சில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. மனத்தை நோகச்செய்வது, எரிச்சலூட்டுவது போன்ற வரையறையற்ற சொற்களில் எவரையும் சிக்கவைக்கலாம் என்பது அதன் காரணங்களுள் ஒன்று. சொல்லின் எல்லையை வரையாத சட்டம், அதனைக் கையாள்வோரின் விருப்பத்தையே எல்லையாக்கிவிடுகின்றது.

மட்டக்களப்பு மக்களின் மரபு வசையையும் அறியும். அதற்கோர் எல்லையையும் அறியும். கண்ணகி வழிபாட்டோடியைந்த கொம்புமுறி விளையாட்டில் ஊரார் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாவர். ஒருவரையொருவர் வசைபாடுவதும் உண்டு. ஆயின் களமும் காலமும் முன்னரே வகுக்கப்பட்டவை. விதி இரு சேரிக்கும் ஒன்றே. நடுவில் நிற்போர் இரு சாராருக்கும் தெரிந்தவர்கள். முகமறியாத இலட்சக்கணக்கானோர் கூடும் தளங்களுக்கு ஊர்வழக்கத்தை அப்படியே பொருத்துதல் இயலாது என்பது உண்மையே. எனினும் அதன் உள்ளீடான மூன்று நெறிகள் எச்சட்டத்துக்கும் பொருந்துவன: விதி தெளிவாயிருத்தல், அது ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் ஒன்றாயிருத்தல், நடுவர் எச்சேரியையும் சாராதிருத்தல்.

2024ஆம் ஆண்டுச் சட்டத்தை இம்மூன்றாலும் உரைத்துப் பார்த்தல் வேண்டும். வன்செயலை நேரடியாகத் தூண்டும் சொல்லையும் தனிமனிதரை வதைக்கும் சொல்லையும் மட்டும் குற்றமெனக் குறுக்கி வரையறுத்து, மெய்பொய் துணியும் பொறுப்பைத் தொடக்கத்திலேயே நீதிமன்றத்திடம் விடுவதாயின் அதனை எதிர்ப்பதற்குக் காரணம் குறைவு. அங்ஙனமன்றி, முதலில் வாயடைத்துப் பின்னர் வழக்குரைக்க விடுவதாயின், அது பாண்டியன் அவையின் முறையேயாகும். அந்த அவையிலும் கண்ணகிக்கு வழக்குரைக்க இடம் கிடைத்தது. ஆயின் கோவலன் கொலையுண்ட பின்னரே கிடைத்தது.