ஆயிரம் மணி நேரத்துக்குப் பிறகு

2024 நவம்பரில் 4,700 கிலோ எடையுள்ள ஜிசாட்-என்2 செயற்கைக்கோளை ஏவ, இஸ்ரோ அமெரிக்காவின் ஃபால்கன்-9 ராக்கெட்டை நாட வேண்டியிருந்தது. நம் எல்விஎம்-3 ராக்கெட்டால் புவிநிலைப் பாதையை நோக்கி அப்போது ஏறத்தாழ 4,000 கிலோதான் சுமக்க முடிந்தது. இவ்வகைச் செயற்கைக்கோள்களின் எடையில் பெரும்பகுதி எரிபொருள். செனான் வாயுவை அயனியாக்கி மின்புலத்தால் பீய்ச்சும் மின் உந்துவிசைக்கு மாறினால், 4 டன் செயற்கைக்கோளின் வேலையை 2 டன்னிலேயே முடிக்கலாம் என்று இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் கூறியிருக்கிறார். இந்த வாதம் வலுவானது.

ஆனால் எடையில் மிச்சப்படுத்துவதைக் காலத்தில் கட்டியாக வேண்டும். 2025 மார்ச்சில் இஸ்ரோ 1,000 மணி நேரம் இயக்கிப் பார்த்த, இதே வகைப் பிளாஸ்மா உந்துபொறியின் விசை 300 மில்லிநியூட்டன். உள்ளங்கையில் 30 கிராம் எடை அழுத்துவது அவ்வளவுதான், அதற்கே 5.4 கிலோவாட் மின்சாரம் வேண்டும். 2 டன் செயற்கைக்கோளை நாள் முழுக்கத் தள்ளினாலும் வேகம் நொடிக்கு 13 மீட்டர்தான் கூடும். புவிநிலைப் பாதையை எட்ட மாதங்கள் ஆகும். அதுவரை வருமானம் கிடையாது. வழியில் பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சுப் பட்டைகளில் சூரியத் தகடுகளும் நலியும். பொறியின் பீங்கான் சுவரை அயனிகள் அரித்துக்கொண்டே இருக்கும். ஒரே பொறியை நம்பினால் சில ஆயிரம் மணி நேரம் ஓட வேண்டியிருக்கும். 1,000 மணி நேரச் சோதனை பெருமைக்குரியது, ஆனால் போதாது.

2010-இல் ஜிசாட்-4 ஏவுதல் தோற்றபோது அதன் பிளாஸ்மா பொறிகளும் கடலில் போயின. 2017-இல் ஜிசாட்-9, பாதையில் நிலைகொள்ள மட்டும் மின் உந்துவிசையைப் பயன்படுத்தியது. பத்தாண்டுக்கு ஓரிரு முறை பொறிகளைப் பறக்கவிட்டால் அனுபவம் சேராது. இணையச் சேவைக்கான ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் திட்டம் இத்தகைய பொறிகளை ஆயிரக்கணக்கில் செய்து பறக்கவிட்டே கற்றது.

சென்னைக்கு அருகே கார் ஆலைகள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியின் பலமும் இப்படி எண்ணிக்கையில் செய்வதுதான். முதல் காரும் பத்தாயிரமாவது காரும் பிசகின்றி ஒன்றுபோல இருக்கச் செய்யும் கைகள் அங்கே உண்டு. ஆனால் பொறிக்கு வேண்டிய செனான், காற்றில் கோடியில் ஒரு பங்குகூட இல்லை; மிகப் பெரிய காற்றுப் பிரிப்பு ஆலைகளில்தான் அதை எடுப்பது கட்டுப்படியாகும். 2021 கொரோனா அலையில் திரவ ஆக்சிஜன் தந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை போன்றவற்றுக்கு ஆர்கான்தான் பொருத்தம்: காற்றில் கிட்டத்தட்ட ஒரு சதவீதம், விலையும் மலிவு. திறன் குறைந்தாலும் ஸ்டார்லிங்க் 2023-இல் அதற்கே மாறியது.

ஆகவே இந்தத் தொழிற்பகுதி சிறு செயற்கைக்கோள்களுக்கான ஆர்கான் பொறிகளில் தொடங்குவதே நல்லது என்பேன். அதற்கும் முதல் தேவை, மாதக்கணக்கில் பொறியை ஓட்டிப் பார்க்கும் பொது வெற்றிடக் கலன். தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஏற்ற விண்வெளித் தொழில் கொள்கையின் பணம், புது ஆலைக் கொட்டகைகளுக்கு முன்னால் அதற்குப் போகட்டும்.