பொற்கொல்லன் சொல்லும் கேட்டோர் செவியும்

சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையைக் கற்பிப்போரும் கற்போரும் பெரும்பாலும் இரண்டிடத்தே நின்றுவிடுவர். மாதரி மனையில் கண்ணகி கணவனுக்கு அமுது படைக்கும் இடம் ஒன்று. வாள் வீழும் இடம் மற்றொன்று. இடையே கிடக்கும் பொற்கொல்லன் பேச்சு, கதையை நகர்த்தும் கருவியாக மட்டுமே கொள்ளப்படுகின்றது. பாண்டியன் ஏன் நம்பினான் என்று வினவின், ஊழ்வினை என்னும் ஒரு சொல்லில் விடை முடிந்துவிடும். நூற்பொருள் மூன்றனுள் ஊழையும் ஒன்றாகப் பதிகமே கூறுதலின், அவ்விடையைப் பிழையென்று தள்ளுதல் இயலாது. ஆயினும் ஊழ் ஒன்றே அமையுமாயின், ஒரு பொய்யனின் பேச்சுக்கு இளங்கோவடிகள் இத்துணை அடிகளைச் செலவிட்டிருக்க வேண்டுவதில்லை. ஒருவன் மூவகையினரிடம் மூன்று வேறு வகையாகப் பேசி மூவரையும் தன் வழிப்படுத்துவதை அடிகள் படிப்படியாக வரைந்து காட்டுகின்றார். அவ்வரைவினை ஊன்றிக் காண்பது தகும்.

முதலில் அகப்பட்டவன் கோவலன். கைவினைஞர் நூற்றுவர் பின்தொடர, சட்டையணிந்து, கருவி ஏந்தி, அரசன் பெயரால் சிறப்புப் பெற்ற தோற்றத்தோடு வருகின்றான் பொற்கொல்லன். கோவலன் அவனை முன்பின் அறியான். கண்டது அவனுடைய கோலத்தையே. அரசன் தேவிக்கு ஏற்றதொரு சிலம்புக்கு விலை மதிக்க இயலுமா என்று கேட்டபோது, தான் அதற்குரிய அறிவுடையவன் அல்லனாயினும் வேந்தர்க்கு முடி முதலிய அணிகள் சமைப்பவன் என்று பொற்கொல்லன் விடை கூறுகின்றான். பணிவும் பெருமையும் ஒரே மூச்சில் வருகின்றன. பெருமை மட்டும் பேசியிருந்தால் வணிகர் குலத்தில் வந்தவன் ஐயுற்றிருக்கக்கூடும். பணிவு கலந்தமையால் பொதியை அவிழ்த்தான். பின்னர், தான் மீளும்வரை தன் குடிலின் அயலே இருக்குமாறு கூறியபோது, அங்கிருந்த கோயிற் சிறையில் மறுப்பின்றிப் புகுந்தும் விட்டான். தன் கால்களாலேயே சென்று காவலில் அமர்ந்தவன் அவன்.

இரண்டாமவன் அரசன். இங்கே சொல்லினும் காலமே வலிது. ஆடன் மகளிரின் ஆடலிலும் பாடலிலும் அரசன் உள்ளம் சென்றதென ஊடிய கோப்பெருந்தேவி, தலைநோய் என்று சொல்லி எழுந்து போயினாள். அவள் ஊடல் தீர்க்க விரைகின்ற அரசன் அமைச்சர் சுற்றத்தை நீங்கிக் கோயில் வாயிலில் நிற்கின்ற வேளையில் பொற்கொல்லன் அடிபணிகின்றான். நெடிது புகழ்கின்றான். பின்பே செய்தி சொல்கின்றான். உசாவுதற்குரிய அமைச்சர் அருகில் இல்லை, ஓய்வு இல்லை, ஊடிய தேவியின் சிலம்பையே மீட்டுக் கொடுக்கலாம் என்னும் ஆசையோ கண்முன் நிற்கின்றது. ஆராய வேண்டிய அறிவு வேறிடத்தில் இருக்கும் கணத்தைத் தேர்ந்தெடுப்பதே இத்தகையோர் தொழிலின் பாதி.

பேச்சின் அமைப்பும் நோக்கத்தக்கது. அதில் முழுப் பொய் மிகக் குறைவு. தேவியின் சிலம்பு களவு போனது மெய். அயலான் ஒருவன் கையில் சிலம்பு இருப்பதும் மெய். இவ்விரண்டையும் இணைக்கும் ஒரு கயிறு மட்டுமே பொய். களவுக் கருவி எதுவும் அவ்வயலானிடம் இல்லை என்னும் குறையையும் பொற்கொல்லன் முன்கூட்டியே அடைத்துவிடுகின்றான்: கன்னக்கோல் இன்றி, மந்திரத்தால் காவலரைத் துயிலச் செய்து கவர்ந்தானாம்! சான்று இல்லாமையே சான்றாகிவிடுகின்றது. இவ்வகைக் கூற்றை எதிர்த்து எதைக் காட்டினாலும் அதுவும் அக்கூற்றுக்கே துணையாகும். தவறென்று காட்டும் வழியே இல்லாத சொல்லைக் கேட்குமிடத்து அஞ்ச வேண்டும்.

எனினும் காதையின் உயிர் காவலர் இருக்கும் பகுதியிலேதான் உள்ளது. அரசன் ஆணையில் ஒரு நிபந்தனை இருந்தது. தேவியின் சிலம்பு அவன் கையில் இருப்பின் என்பதே அது. ஆகவே அதனைத் தேர்ந்தறியும் கடமை காவலர் தலையில் வீழ்ந்தது. அவர்கள் கோவலனைக் கண்டு, இவன் கொலைக்குரியவன் அல்லன் என்று கூறியும் விட்டனர். நூல் முழுவதிலும் பொற்கொல்லன் வலை அறுந்து போகக்கூடிய இடம் இது ஒன்றே. அவனும் அதை உணர்கின்றான். சினக்கவில்லை, இகழ்ந்து நகைக்கின்றான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வர்க்குத் துணையாவன எட்டு என்று நூலறிவு போல் எடுத்தோதுகின்றான். அடுத்து ஒரு கதை: பகலில் தூதுவனாகவும் இரவில் பெண்ணாகவும் வந்த கள்வன் இளவரசனின் ஆரத்தைக் கவர்ந்து, மற்போருக்கு முனைந்த அவனுக்குத் தூணைக் காட்டி மறைந்தானாம். இவற்றுள் எதுவும் கோவலனைப் பற்றியதன்று. வினவப்பட்டது இம்மனிதனைப் பற்றி. விடை வந்தது கள்வர் என்னும் இனத்தைப் பற்றி. கேட்டோர் அவ்வேறுபாட்டைக் காணவில்லை.

அதனினும் கொடிது அதற்கு அடுத்த நிகழ்ச்சி. பொற்கொல்லன் வாய் மூடிய பின் காவல் இளைஞன் ஒருவன் தானே ஒரு கதை தொடங்குகின்றான். மாரிக்கால நள்ளிரவில் நீல உடையோடு வந்த கள்வன் தன் வாளைப் பறித்து மறைந்த கதை. இவனுக்குப் பொற்கொல்லனோடு யாதொரு தொடர்பும் இல்லை. பொய்யும் சொல்லவில்லை போலும். தன் பழைய அச்சத்தைச் சொன்னான், அவ்வளவே. ஆனால் பொய்க்கு வேண்டிய வலிமையை அவனுடைய மெய் கொடுத்துவிட்டது. ஒன்றும் செய்யாவிடின் அரசன் நம்மை வருத்துவான் என்ற அச்சத்தையும் அவனே சேர்த்துவிடுகின்றான். முதலில் ஐயுற்றவர் மீண்டும் வாய் திறந்ததாக நூலில் இல்லை. கல்வியறிவற்ற குடியன் ஒருவன் வாளை வீசுகின்றான்.

1951 ஆம் ஆண்டில் சொலமன் ஆஷ் என்னும் உளவியலாளர் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வொன்று இவ்விடத்து நினைவுக்கு வரும். கோடுகளின் நீளத்தை ஒப்பிட வேண்டிய எளிய சோதனை அது. சூழ இருந்தோர் ஒருமித்துப் பிழையான விடை கூறியபோது, பலர் தம் கண் கண்டதை விட்டு அப்பிழையையே தாமும் கூறினர். சூழ இருந்தோருள் ஒரேயொருவர் மாறி நின்ற வேளைகளில் அவ்வாறு பணிந்தோர் தொகை பெரிதும் குறைந்தது. மதுரைக் காவலருள் அவ்வாறு மாறி நின்றோர் இருந்தனர். இரண்டாம் முறை பேசாமையால் அவர்கள் இருந்தும் இல்லாதவராயினர்.

கம்பனின் மந்தரையோடு இவனை ஒப்பிடுவது வழக்கம். ஒப்புமை மேலோட்டமானதே. மந்தரை கைகேயியின் உள்ளத்துக்குள் புகுந்து, மகன்மேல் அன்பு, மாற்றாள்மேல் பொறாமை, தந்தைக்கு வரும் இடர் என ஒன்று தோற்க மற்றொன்றாக வாதங்களை மாற்றுகின்றாள். இராமனுக்கு முடி என்ற செய்திக்கு மகிழ்ந்து பரிசளித்தவள் கைகேயி. சினந்து மந்தரையை விலக்கவும் செய்தாள். இரு முறை எதிர்த்தே வீழ்ந்தாள். பாண்டியனோ ஒரு முறைதானும் எதிர்த்தானல்லன். உள்ளத்தைத் திரித்தலின் நுட்பம் கம்பனில் மிகுதி எனலாம். கூட்டமும் அதிகாரமும் சேர்ந்து ஏமாறும் வகையைக் காட்டுவதில் இளங்கோவே முந்துகின்றார்.

பொற்கொல்லன் சொல்லை வெல்ல என்ன வேண்டியிருந்தது? பேரறிவு வேண்டியதில்லை. ஒரு கேள்வி போதும். வழக்குரை காதையில் கண்ணகி தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கின்றாள்; அரசன் தம் சிலம்பின் பரல் முத்து என்கின்றான். சிலம்பு உடைகின்றது, வழக்கு முடிகின்றது. இச்சோதனைக்கு வேண்டிய அறிவு அரசனிடம் முன்னரே இருந்தது என்பதே நெஞ்சை உறுத்துவது. முத்து என்று விடை கூற அவன் எவரையும் உசாவவில்லை. வாயிலில் நின்ற அக்கணத்திலேயே, பரல் யாது எனப் பார்த்து வருக என்று பணித்திருக்கலாம். கண்ணகி அவனை ஆராயாதவன் என்று விளிப்பது வசையன்று. நிகழ்ந்ததை அளந்து கூறிய சொல். ஊழ் என்பது அக்கேள்வி பிறவாமல் தடுத்த விரைவே என்று கொள்வாரோடு மாறுபட இடமில்லை.

கண்ணகி ஈழநாட்டவர்க்குப் புறத்தவள் அல்லள். கீழ்க்கரை ஊர்களில் வைகாசித் திங்களில் அவளுக்குச் சடங்கு நிகழும், வழக்குரை பாடப்படும். சிங்கள மக்கள் அவளையே பத்தினித் தெய்வமாகப் போற்றுவர். பொய்ச் சொல்லால் கணவனை இழந்தவளை இரு இனத்தாரும் வணங்கும் இத்தீவிலே, பொற்கொல்லன் சொல் பலமுறை வென்றிருக்கின்றது. 1915 ஆம் ஆண்டு முஸ்லிம் மக்கள்மேல் எழுந்த கலவரத்தின்போது, அது பேரரசுக்கெதிரான சதி என்று தேசாதிபதி சேர் றொபேட் சாமர்ஸின் அரசு நம்பியது. இராணுவச் சட்டம் பிறந்தது. கொழும்பு நகரக் காவற்படையில் கப்டனாயிருந்த ஹென்றி பேதிரிஸ் என்னும் 26 வயது இளைஞர் இராணுவ மன்றில் விசாரிக்கப்பட்டு, யூலை 7 ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் குற்றமற்றவர் என்பதே பின்னர் நிலைத்த கருத்து. விரைந்த ஆணை, அஞ்சிய அதிகாரிகள், உசாவப்படாத சான்று எல்லாம் மதுரையில் உள்ளவையே. சட்டநிரூபண சபையில் எழுந்து பேசியும், 1916 இல் இலண்டனில் நூல் வெளியிட்டும் கேள்வி கேட்டவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். மதுரைக் காவலர் இரண்டாம் முறை பேசாது விட்ட பேச்சு அது எனலாம்.

2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் நிகழ்ந்தது இன்னும் அண்மையது. முஸ்லிம் உணவகமொன்றில் உணவிற் கிடந்த கட்டியொன்றைக் காட்டி, மலட்டு மாத்திரை என்று ஒரு கூட்டம் கூறியது. சிங்களம் நன்கறியாத பணியாள் சூழ நின்றோர்க்கு அஞ்சி ஆம் என்று சொல்ல நேர்ந்தது. அக்காட்சி முகநூலில் பரவியது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது மாப்பொருளின் கட்டியே என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அறிவித்தது பின்னர். பரல் முத்தா மாணிக்கமா என்பது இங்கும் வாள் வீழ்ந்த பிறகே பார்க்கப்பட்டது. ஹெந்தளையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இன்று கைபேசி ஒலித்து, வங்கியின் பெயரால் இரகசிய எண்ணை உடனே சொல்லுமாறு பணிக்கும் குரலும் அதே குடும்பத்தது: கோலம் உண்டு, விரைவு உண்டு, அருகில் அமைச்சர் இல்லை. அக்குரலுக்கு அழைப்பைத் துண்டித்து வங்கிக்குத் தானே அழைப்பது போதும். கூட்டத்தின் குரலுக்கு அவ்வளவு எளிய மருந்து இல்லை.

சிலம்பைப் போற்றுவோர் பெரும்பாலும் பேசாது கடக்கும் செய்தியொன்று உரைபெறு கட்டுரையில் உள்ளது. நெடுஞ்செழியனுக்குப் பின் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்குப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டு விழாவெடுத்தானாம். மழை பொழிந்து நாடு செழித்ததாம். பொய்யுரைத்தவன் ஒருவன். பலியானோர் ஆயிரவர். ஒருவனைப் பற்றிய வினாவுக்கு ஓர் இனத்தைப் பற்றிய விடை கூறிய பொற்கொல்லனின் உத்தியையே, அவன் பொய்யைத் தண்டிக்க வந்த அரசனும் கைக்கொண்டான். அந்த ஆயிரவருள், பின்வந்த நூற்றுவரில் எத்தனை பேர் இருந்தனர், அவருள் எவரேனும் சிலம்பைக் கண்டனரா என்பதை எவரும் உசாவியதாகத் தெரியவில்லை. கோவலன் பொருட்டு ஒரு நகரையே எரித்துக் காட்டிய நூல், இவ்விடத்து மழையை மட்டும் சொல்லி அமைகின்றது.