சத்தமாகப் படிக்கும் பிள்ளை

பிள்ளை சத்தம் போட்டுப் படித்தால்தான் படிப்பு என்பது நம் ஊர்களின் பழைய நம்பிக்கை. திருப்பாலைவனத்திலும் பழவேற்காட்டுக் குப்பங்களிலும் சாயங்காலம் வாசலில் அந்தக் குரல் கேட்டால் பெற்றவர்களுக்கு ஒரு நிம்மதி. எனக்கும்தான். அந்த நிம்மதியில் பாதிதான் நியாயம்.

தமிழ் எழுத்து லேசில் பிடிபடுவதல்ல. கொம்பு முன்னால் நிற்கும், அதன் ஒலி பின்னால் வரும். ஒரே ‘க’ கடலில் ஒரு விதம், நகத்தில் ஒரு விதம், சங்கில் வேறு விதம். ஆறு வயதுப் பிள்ளை எந்த இடத்தில் தடுக்குகிறது என்பது வாய்விட்டுப் படித்தால்தான் தெரியும். கிராமப்புறப் பிள்ளைகளின் கல்வி நிலையைப் பார்க்கும் அசர் ஆய்வும் அப்படித்தான் அளக்கிறது. தமிழகக் கிராமங்களின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2018இல் 10.2 விழுக்காடு, கொரோனாவுக்குப் பின் 2022இல் 4.8.

வகுப்பறையில் நடப்பது பெரும்பாலும் வேறு. ஆசிரியர் ஒரு வரி சொல்ல, வகுப்பே அதைத் திருப்பிச் சொல்லும். தெரியாத பிள்ளை அந்தக் கூட்டுக்குரலுக்குள் சுலபமாக ஒளிந்துகொள்ளும். வீட்டுக்கு வந்து அதே பாடத்தைக் கடகடவென்று சொல்லும். விரல் ஒரு வரியில், வாய் வேறு வரியில். படத்தை மறைத்துவிட்டு நடுவில் ஒரு சொல்லைக் காட்டிக் கேட்டால் குட்டு வெளிப்படும். 2022 ஜூனில் நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்ததில் இந்த நோய்க்கு ஓரளவு மருந்து உண்டு. ஆனால் நிலை எதுவானாலும் ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்க ஒரு காது வேண்டும்.

கேட்கும் காதுதான் இதில் பெரிய சிக்கல். புத்தகத்தில் ‘வந்துவிட்டான்’ என்றிருக்கும்; பிள்ளை ‘வந்துட்டான்’ என்று படிக்கும். உடனே அதட்டுகிறோம். உண்மையில் அந்தப் பிள்ளை எழுத்தைப் பார்த்து, பொருளைப் பிடித்து, தன் வீட்டுப் பேச்சில் சொல்லியிருக்கிறது. ‘வந்து... வி... விட்... டான்’ என்று பிசகாமல் இழுத்து முடித்து, யார் வந்தது என்று கேட்டால் விழிக்கும் பிள்ளையைவிட இது ஒரு படி மேல். அதைப் பிழையென்று வெட்டிக்கொண்டே போனால், படிப்பதற்கும் புரிந்துகொள்வதற்கும் தொடர்பில்லை என்றுதான் பிள்ளை கற்றுக்கொள்ளும். பள்ளிப் பிள்ளைகளுக்கு 2022இல் நடந்த வாசிப்பு மாரத்தானில் பயன்பட்ட கூகுள் ரீட் அலாங் செயலிக்கு நம்மைவிடப் பொறுமை அதிகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் எழுதியிருப்பதோடு குரலை ஒப்பிடுவதுதான் அதன் வேலை. மாற்றிச் சொன்னது ஏன் என்பது அதற்குத் தேவையில்லை.

அப்பா ஏரிக்கும் அம்மா மீன் விற்கவும் போய்விடும் வீட்டில் யார் கேட்பது? 1789இல் சென்னை எழும்பூர் அனாதைப் பள்ளிக்கு வந்த ஆண்ட்ரூ பெல், பெரிய பிள்ளைகளைக் கொண்டே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்து வரை போனது. நம் வீட்டு அக்காக்களுக்கு அது புதிதல்ல. எழுத்தறியாத ஆயாகூட ‘அப்புறம் என்னாச்சு?’ என்று கேட்கலாம். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் பிள்ளை கதையைப் புரிந்து படித்திருக்க வேண்டும்.

அதற்காக எல்லாவற்றையும் விட்டுவிடவும் முடியாது. ‘வந்துட்டா’னைப் போக விடலாம். ‘பள்ளி’யைப் ‘பல்லி’ என்று படித்தால் நிறுத்தி, ‘பல்லிக்கா பையைத் தூக்கிக்கொண்டு போகிறாய்?’ என்று கேட்டாக வேண்டும்.