கப்பல் வந்த பிறகு காங்கேசன்துறை

ஒரு கப்பல் சேவையை எடைபோடுகிறவர்கள் கட்டணம், பயண நேரம், இருக்கைக் கணக்கு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். போய்ச் சேரும் ஊரை அறிய அந்தச் சேவை வழிவிடுகிறதா என்றும் கேட்க வேண்டும். தமிழ்நாட்டின் நாகப்பட்டினத்தையும் இலங்கையின் வடக்கே உள்ள காங்கேசன்துறையையும் இணைக்கும் கப்பல் முதல் வகைக் கேள்விகளில் தட்டுத்தடுமாறித் தேறிவிட்டது. இரண்டாவதில் இன்னும் தேறவில்லை. அந்தத் தோல்விக்குக் கப்பலைவிடக் கரையே பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

கப்பலின் பங்கை முதலில் பார்த்துவிடலாம். 2023 அக்டோபர் 14 அன்று 150 இருக்கைகள் கொண்ட ‘செரியபாணி’ கிளம்பியது. வரியோடு சேர்த்து ஒருவழிக் கட்டணம் 7,670 ரூபாய். ஒரே வாரத்தில் பருவமழை வந்து சேவை நின்றது. ஐப்பசி பிறக்கிற நேரத்தில் இந்தக் கடலில் புதுச் சேவை தொடங்கலாமா என்று அக்கரைப்பேட்டை மீனவர் ஒருவரைக் கேட்டிருந்தால் போதும். 2024 ஆகஸ்ட் 16 அன்று ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு தனியார் நிறுவனம் ஒன்று மீண்டும் தொடங்கியது. கட்டணம் ஐயாயிரம் அளவுக்கு இறங்கியது. அந்த ஆண்டு மழைக்கும் சேவை நின்று, 2025 பிப்ரவரியில்தான் திரும்பியது.

இந்த விட்டுவிட்டு ஓடும் வழக்கத்தின் வேர் நாகையில் இருக்கிறது. துறைமுகம் கடுவையாற்று முகத்துவாரத்தில் இருப்பதால் மணல் சேர்ந்துகொண்டே இருக்கும்; தூர்வாரித்தான் இந்தக் கப்பலுக்கே வழி கிடைத்தது. ஆழம் இல்லாத இடத்துக்குப் பெரிய கப்பல் வராது. சிறிய கப்பல் மழைக்காலக் கடலைத் தாங்காது. ஆண்டில் சில மாதம் நின்றுபோகிற சேவையை நம்பி அக்கரையில் யாரும் முதல் போட்டு விடுதியோ சாப்பாட்டுக்கடையோ திறக்கமாட்டார்கள். முன்பு ‘ரஜுலா’வும் ‘சிதம்பரம்’ கப்பலும் நாகையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன காலத்தில் அவை கரையை நெருங்காமல் தள்ளியே நங்கூரமிட்டன; பயணிகளைப் படகில் கொண்டுபோய் ஏற்றினார்கள். சிரமம்தான். ஆனால் கப்பல் தவறாமல் வந்தது, அதை நம்பி நாகையில் ஒரு பிழைப்பும் இருந்தது.

இத்தனை குறையோடும், சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரத்துச் சொச்சத்தில் போகும் விமானத்தைவிட இந்தக் கப்பலையே நான் பரிந்துரைப்பேன். சுமார் 110 கிலோமீட்டரைக் கடக்க நான்கு மணி நேரம் ஆகிறது. இழுவைமடிப் படகுகள் எல்லை தாண்டுவதும், இலங்கையின் வடக்கு மீனவர்களின் வலைகள் அறுபடுவதும், நம் மீனவர்கள் கைதாவதும் இந்த நீரில்தான். இரு கரையும் எவ்வளவு கிட்டத்தில் இருக்கின்றன என்பது செய்தித்தாளில் படிக்கும்போது உறைக்காது.

இனிக் கரை. கப்பலை விட்டு இறங்கி, சுங்கம் முடித்து, வேனில் ஏறினால் காங்கேசன்துறை (கே.கே.எஸ்.) வீதி நேரே 18 கிலோமீட்டர் தள்ளி யாழ்ப்பாணத்தில் கொண்டுபோய் விடுகிறது. பெரும்பாலானவர்களுக்குக் காங்கேசன்துறை வேன் சன்னலுக்கு வெளியே சில நிமிடம்தான். கடற்கரையோரம் தங்க நினைத்தால் பெயர் சொல்லும்படி இருப்பது இராணுவம் நடத்தும் தல்செவன விடுதி. ஓர் ஊரின் கரையில் விருந்தோம்பும் உரிமை அந்த ஊர்க்காரர்களிடம் இல்லையென்றால், அங்கே ஓர் இரவு தங்கியும் ஊரைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும்?

போரால் ஊர்க்காரர்கள் 1990இல் வெளியேறினார்கள். இந்த ஊர் அடங்கிய வலிகாமம் வடக்கு இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயமானது. 1950இல் எழுந்த சீமெந்துத் தொழிற்சாலை நின்றுபோனது. ரயில் 2015 ஜனவரியில் திரும்பி வந்துவிட்டது; காணிகள் அந்த வேகத்தில் திரும்பவில்லை. பக்கத்துத் தையிட்டியில் தங்கள் காணியில் விகாரை எழுந்துவிட்டதென்று உரிமையாளர்கள் போயா (பௌர்ணமி) நாள்களில் இன்னும் போராடி வருகிறார்கள்.

நடந்து பார்க்கிறவருக்கு இது கண்ணெதிரே கிடக்கிறது. ஓடு இல்லாத வீடு, சன்னல் இருந்த சதுரத்தின் வழியே வளர்ந்து வெளியே வந்த மரம், முற்றத்தில் பாழ்கிணறு. அடுத்த வளவில் புதுச் சுண்ணாம்பு அடித்த சுவரும், கயிற்றில் காயும் பள்ளிச் சீருடையும். இந்த இரண்டு வளவுகளுக்கு நடுவே நின்றால் கிடைக்கிற அறிவு எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இல்லை. மேற்கே நடந்தால் கீரிமலை. கடல் அலை எட்டும் தூரத்தில் நன்னீர் ஊறும் கேணி. ஆடி அமாவாசைக்குப் பிதிர்க்கடன் கழிக்க ஊரெங்குமிருந்து வருவார்கள். தெற்கே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில். அதன் சிற்பத்தைச் சொல்கிறவர்கள், ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே போக 1968இல் அந்த வாசலில் நடத்திய போராட்டத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போருக்கு முந்திய காலம் பொற்காலம் என்ற ஏக்கத்துக்கு அது சரியான திருத்தம்.

ஒரு பயணக் கப்பலின் தலையில் காணிப் பிரச்சினையைக் கட்டுவது நியாயமா என்று கேட்கலாம். கப்பல் காணியைப் பிடிக்கவில்லை, உண்மை. ஆனால் இந்தச் சேவை அரசு மானியத்தில் ஓடுகிறது, துறைமுகமும் இந்திய உதவியோடு சீராகிறது. பொதுப்பணம் புழங்கும் இடத்தில் துறையைச் சுற்றியுள்ள ஊருக்கு என்ன கிடைத்தது என்று கேட்பது வரம்பு மீறல் ஆகாது.

ஆகவே என் தீர்ப்பு: கடலைக் கடக்கும் வழியாக இந்தச் சேவை தொடர வேண்டும், பங்குனிக்கும் புரட்டாசிக்கும் இடையே தயங்காமல் ஏறலாம். காங்கேசன்துறையைத் துறைமுக நகர் என்று அழைக்க இன்னும் காலம் வரவில்லை. இறங்கிய அன்றே வேன் ஏறாமல் தெல்லிப்பழையிலோ சுன்னாகத்திலோ ஊர்க்காரர் வீட்டில் அறை எடுத்து, மறுநாள் காலை கீரிமலை வரை நடக்கிறவருக்கு மட்டுமே அந்தப் பயணச்சீட்டு முழு விலை பெறும்.