கம்பத்துப் பையனின் வீடும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

பிரிக்பீல்ட்ஸ் வாசிகளுக்கு ரயில் புதிதன்று. செங்கற் சூளைகளால் பெயர் பெற்ற இவ்வூரில் தமிழர் குடியேறி நிலைத்ததற்கு ரயில்வே வேலையே ஒரு பெருங்காரணம். இங்குள்ள கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையத்தில் மின்சார ரயிலேறினால், ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பேராக் மாநிலத்துப் பத்து காஜா நகரை அடையலாம். அங்கே ஒரு சித்திரக்காரருடைய பெயரால் எழுப்பப்பட்டிருக்கும் காட்சிச்சாலையைக் காண நாம் சென்றிருந்தோம். போய் வந்ததில் நமக்குண்டான மகிழ்ச்சியையும், அதனினும் மிகுதியாக உண்டான வெட்கத்தையும் வாசகர்முன் வைப்பது கடமையெனக் கருதியே இதனை எழுதுகிறோம்.

‘லாட்’ என நாடறிந்த டத்தோ முகமட் நோர் காலிட் 1951ஆம் வருஷம் கோப்பெங்கை அடுத்த ஒரு கம்பத்தில் பிறந்தவர். தந்தையார் ராணுவத்தில் எழுத்தர். ‘புலாட்’ என்றால் மலாய் மொழியில் உருண்டை; குழந்தையின் உருண்டை முகத்தைக் கண்டு வீட்டார் இட்ட செல்லப்பெயரே பிற்காலத்தில் உலகறிந்த பெயராயிற்று. பதின்மூன்றாம் வயதிலேயே அவருடைய படக்கதைப் புத்தகம் ஒன்று அச்சேறியது. பள்ளிப்படிப்பு முடிந்தபின் பத்திரிகையில் குற்றச் செய்தி திரட்டும் நிருபராய் உழன்று, பின்னரே சித்திரக்காரர் ஆனார். 1979இல் வெளிவந்த ‘தி கம்போங் பாய்’, அதாவது ‘கம்பத்துப் பையன்’ என்னும் புத்தகம் அவருக்கு நிலைத்த புகழைத் தேடித் தந்தது. 2006இல் அமெரிக்காவிலும் அதற்கு ஒரு பதிப்பு வந்தது.

‘ரூமா லாட்’ என்னும் அவ்வீடு அவர் பிறந்த இடத்திற்கு அதிக தூரத்தில் இல்லை. கம்பத்து வீட்டின் சாயலில் அமைந்த கட்டடம். உள்ளே அவருடைய சித்திரங்கள். இவ்விடத்தில் முதலிற் பாராட்டத்தக்கது ஒன்றுண்டு. கலைஞர் உயிரோடிருக்கும்போதே அவருக்கு வீடு எழுப்பியிருக்கிறார்கள். நம்மவர் வழக்கமோ வேறு. எழுத்தாளன் இருக்கும்வரை அவன் புத்தகத்தை வாங்கமாட்டோம். இறந்தபின் மாலையும் இரங்கற் கூட்டமும் குறைவின்றி நடத்துவோம்.

ஆயினும், காட்சிச்சாலை என்பது புத்தகத்தின் நிழலேயன்றிப் புத்தகமன்று. படத்தின் அருகே நின்று தாமும் படம் எடுத்துக்கொண்டு திரும்புவோர்க்கு அவ்வீடு ஒரு பொழுதுபோக்கு. புத்தகத்தை வாசித்துவிட்டுச் செல்வோர்க்கே அது பள்ளிக்கூடம். ஆகையால் புத்தகத்தைப் பற்றிச் சிறிது சொல்லுவோம்.

அதில் அரசகுமாரன் இல்லை, மந்திரவாதி இல்லை, முடிவில் கட்டிவிட்ட நீதிபோதனையும் இல்லை. ஒரு குழந்தை பிறக்கிறது, வளர்கிறது, ஆற்றிற் குதிக்கிறது, குர்ஆன் ஓதப் போகிறது, சுன்னத்துக்கு அஞ்சுகிறது. கம்பத்தின் அருகே ஈயம் தோண்டும் பெரும் இயந்திரம் இரைகிறது. அது கழித்த மண்ணைத் தோழர்களுடன் சேர்ந்து அரித்து ஈயம் தேடுகிறான் பையன். பாடத்தை விட்டுவிட்டுச் சட்ட விரோதமான இவ்வேலைக்குப் போனதற்காகத் தந்தையிடம் அகப்பட்டுத் தண்டனையும் பெறுகிறான். கடைசியில் ஈப்போ நகரத்து விடுதிப் பள்ளிக்குப் புறப்படுகிறான். அதற்குள் ஈயக் கம்பெனி நிலத்தை அளக்கிறது என்ற பேச்சு கம்பத்திற் பரவுகிறது. விற்றுவிட்டு நகரத்துக்குப் போய்விடலாமா என்று பெரியவர்கள் யோசிக்கிறார்கள். எழுத்தில் ஓரிடத்திலும் ஒப்பாரி இல்லை. ஆனாலும் கின்டா பள்ளத்தாக்கில் ஒரு வாழ்வு முடியப் போவதை வாசிக்கும் சிறுவனும் உணர்ந்துவிடுகிறான். மறையவிருந்த ஓர் உலகத்தை, மறையுமுன் வெறும் கறுப்பு மையினால் பிடித்து வைத்தார் என்பதே இவர் செய்த தொண்டு.

இன்னொரு சிறப்பும் உண்டு. இவர் வரையும் மனிதர்களின் மூக்கு மூன்று வளைவாய் இருக்கும். மலாய்க்காரராயினும், சீனராயினும், இந்தியராயினும், இவர் கையிற் சிக்கியவர் அந்த மூக்கிற்குத் தப்புவது அரிது. தம் இனத்தாரைப் பார்த்துச் சிரித்தபின்னரே பிற இனத்தாரைப் பார்த்துச் சிரிக்கிறார். அச்சிரிப்பில் இகழ்ச்சி இல்லை. 1981இல் வந்த ‘டவுன் பாய்’ புத்தகத்தில் பையனுக்கு உயிர்த்தோழன் காப்பிக்கடைக்காரர் மகனான ஒரு சீனப் பையன். இன ஒற்றுமை என்று மேடையில் முழங்குவோர் எத்தனையோ பேர். அதைக் குழந்தைக்குப் புரியும்படி வரைந்து காட்டியவர் இவர்.

இது எளிதான காரியமன்று என்பதற்கு மேல்நாட்டிலேயே சான்று உண்டு. ‘டாக்டர் சியூஸ்’ என்ற பெயரில் எழுதிய தியடோர் கைசல் 1904இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிற் பிறந்தவர். குழந்தைகளுக்கு எழுதியும் வரைந்தும் பெரும் புகழ் பெற்றவர். 2017இல் அதே நகரில் அவருக்கொரு காட்சிச்சாலை திறந்தார்கள். அதன் சுவரில், 1937இல் வெளிவந்த அவருடைய முதற்புத்தகத்தைத் தழுவிய சித்திரம் ஒன்று இருந்தது. அதிற் சீனன் ஒருவனை இனத்தையே நகையாடும் முறையில் வரைந்திருந்தார்கள். குழந்தை நூலாசிரியர் மூவர் அதைக் கண்டித்து அங்கு நடக்கவிருந்த விழாவுக்கு வர மறுத்தனர். காட்சிச்சாலையாரும் அதை மாற்ற இசைந்தனர். 2021இல் அவருடைய ஆறு புத்தகங்களை இனி அச்சிடுவதில்லையென்று உரிமையாளரே அறிவித்தனர். பெரியோர் வரைந்ததாயினும், ஒரு குழந்தை தன் இனத்தை இழிவாய்க் காணும் படம் குழந்தைக்கு ஆகாது என்பதே இதன் கருத்து.

இனி நம் பக்கம் திரும்புவோம். நம் பிள்ளை எந்தப் புத்தகத்தில் தன்னைக் காண்கிறான்? இழிவாய்க்கூட வேண்டாம், இருப்பதாகவேனும் எங்கே காண்கிறான்? தெனாலிராமனையும் மரியாதை ராமனையும் பஞ்சதந்திர நரியையும் கொடுக்கிறோம். புராணங்களைச் சுருக்கிச் சாயம் பூசிக் கொடுக்கிறோம். இவற்றிற் சில நல்லவையே. ஆனால் விடியுமுன் பெரட்டுக்கு ஓடும் தாய், ஆயாக்கொட்டகையில் தூளியிற் கிடக்கும் தங்கை, லயத்து வீடு, பால்வாளி, கங்காணியின் அதட்டல், ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்பு நடக்கும் தோட்டத்துப் பள்ளி ஆகிய இவை எந்தப் படப்புத்தகத்தில் உள்ளன? தோட்டங்கள் பல 1950களிலும் 60களிலும் துண்டாடப்பட்டன; 1980களுக்குப் பின் வேறு பல வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. ஈயம் கம்பத்தை விழுங்கியதுபோல் நம் பிள்ளைகளின் ஊரையும் காலம் விழுங்கியது. அவர்களுக்கு ஒரு ‘தோட்டத்துப் பையன்’ கிடைக்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸைத்தான் பாருங்கள். ரயில்வே ஊழியர் முதலானோர்க்கென 1905இல் கட்டிய ‘நூறு குவார்ட்டர்ஸ்’ வீடுகள் 2010களில் இடிக்கப்பட்டன. அவ்வரிசை வீடுகளில் வளர்ந்த சிறுவனின் உலகம், ரயிலின் ஊதொலி முதல் கொல்லைப்புறத்துச் சண்டை வரை, செங்கல்லோடு செங்கல்லாய்ப் போயிற்று. அதே வட்டாரத்தில் 2010இல் இரு நாட்டுப் பிரதமர்கள் வந்து ‘லிட்டில் இந்தியா’வைத் திறந்து வைத்தார்கள். அலங்கார வளைவு வந்தது, நீரூற்று வந்தது, யானைச் சிலைகளும் வந்தன. வாழ்ந்த வீடு போய் வளைவு வந்ததை முன்னேற்றம் என்று கொண்டாடினோம்!

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல நாம் வரவில்லை. கோ. சாரங்கபாணி அவர்கள் 1950களில் ‘தமிழ் முரசு’ப் பத்திரிகையில் மாணவர் மணிமன்றம் கண்டு, சிறுவர் கையில் எழுதுகோல் கொடுத்தார்; பின்னாளில் எழுத்தாளர் ஆனோர் பலர்க்கு அதுவே முதல் மேடை. முரசு நெடுமாறன் அவர்கள் சிறுவர்க்குப் பாடல்கள் தந்திருக்கிறார். கே. பாலமுருகன் சிறுவர்க்கென மர்மக் கதைகள் எழுதியிருக்கிறார். இவர்களைப் போற்றுகிறோம். ஆனால் எழுத்தும் சித்திரமும் ஒன்றாய் இணைந்து, நம் பிள்ளையின் ஊரை அவன் கண்முன் நிறுத்தும் நூல் வேறு. அது குறையாகவே நிற்கிறது.

‘படப்புத்தகத்திற்குச் செலவு அதிகம், வாங்குவாரில்லை’ என்பார்கள் சில கனவான்கள். ‘கம்பத்துப் பையன்’ ஒரே கறுப்பு மையில் அச்சானதென்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம். இந்நாட்டில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பள்ளி நூலகம் ஒவ்வொன்றும் பத்துப் பிரதி வாங்கினால் ஐயாயிரம் பிரதி செலவாகும். இதற்கு வழிகாட்டியும் நம் தெருவிலேயே உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்ட நாளில், 1960இல், துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைக் கண்டு, தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாய்த் திரட்டித் தோட்டங்களையே வாங்கினார். அவர் பெயர் தாங்கிய வீதியில் நாள்தோறும் நடக்கும் நமக்கு ஒரு புத்தகம் அச்சிட வெள்ளி இல்லையா? ஒரு திருவிழாவின் வாணவேடிக்கைச் செலவில் ஒரு சித்திரக்காரனுக்கு ஒரு வருஷச் சோறு போடலாமே!

பத்து காஜாவிலுள்ள வீட்டைப் போல நமக்கும் ஒரு வீடு வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. வீடு கடைசியில் வரட்டும். லயத்திலோ நூறு குவார்ட்டர்ஸிலோ வளர்ந்து, இன்று நரை கண்டிருக்கும் பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் வாய்மொழியைக் கேட்டு எழுத ஓர் இளைஞரும், அதை வரைய ஓர் இளைஞரும் முன்வந்தால் போதும். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு லாட் வீட்டுக்குப் போங்கள், மகிழ்ந்து திரும்புங்கள். திரும்பி வரும் ரயிலில், ‘நம் ஊரைப் பற்றி இப்படி ஒரு புத்தகம் இருக்கிறதா?’ என்று பிள்ளை கேட்டால் என்ன விடை சொல்வது என்பதையும் யோசித்துக்கொண்டே வாருங்கள்.