இடையன் கொண்டுவந்த மூட்டை

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் முதல் பருவத்தை (2011) எடுத்துக்கொள்வோம். தொடக்கக் காட்சியில், பெருஞ்சுவருக்கு வடக்கே பனிக்காட்டில், செத்தவர்களை எழுப்பி நடக்கவிடும் நீலக்கண் பேய்கள். கடைசிக் காட்சியில், கணவனின் சிதைச் சாம்பலிலிருந்து மூன்று டிராகன் குஞ்சுகளோடு எழுந்து வரும் டேனரிஸ். முன்னது ஊழி, பின்னது மீட்பு என்று நாமாகவே முடிவு கட்டிக்கொண்டோம். அந்தத் தப்புக் கணக்கோடுதான் எட்டுப் பருவங்களையும் பார்த்தோம் என்று இப்போது தோன்றுகிறது.

2013-இல் வந்த மூன்றாம் பருவத்தில் அஸ்டபோர் காட்சி. ஒரு டிராகனை விலையாகக் கொடுத்து எட்டாயிரம் அடிமை வீரர்களை வாங்குகிறாள் டேனரிஸ். வீரர்கள் கைக்கு வந்ததும் ட்ரோகனுக்கு ஒரே ஒரு சொல்லில் ஆணை. அடிமை வியாபாரி எரிகிறான். பொய் சொல்வானேன், எழுந்து நின்று கைதட்டியவர்களில் நானும் ஒருவன். எரிகிறவன் அயோக்கியன், எரிக்கிறவள் நம்ம ஆளு. வேறென்ன வேண்டும்?

அடுத்த ஆண்டே, நான்காம் பருவத்தின் முடிவில், ஆடு மேய்க்கும் ஒருவன் துணி மூட்டையோடு அவள் சபைக்கு வருகிறான். பிரித்தால் உள்ளே மூன்று வயது மகளின் கரிந்த எலும்புகள். ட்ரோகன் செய்த வேலை. டேனரிஸ் அழுதுகொண்டே மற்ற இரண்டு டிராகன்களையும் நிலவறையில் சங்கிலியிட்டுப் பூட்டுகிறாள். எரித்தது மட்டும் அகப்படவில்லை. அஸ்டபோரில் நாம் கைதட்டியதும் இதே டிராகனுக்குத்தான், இதே நெருப்புக்குத்தான்.

மூல நாவல்களை எழுதிய ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் டிராகன்களை அணு ஆயுதத்தோடு ஒப்பிட்டுப் பேசியிருக்கிறார். கையில் இருந்தால் ஊரை அழிக்கலாம், ஆள்வதற்கு அது உதவாது என்பது அதன் சாரம். 2011-இல் வெளிவந்த ஐந்தாம் நாவலில் அந்தக் குழந்தைக்கு ஹசியா என்று பெயர் உண்டு. டேனரிஸை விடாமல் துரத்தும் பெயர் அது. நாவலின் இறுதிப் பகுதியில், புல்வெளியில் தனியாகக் கிடக்கும்போது, அந்தப் பெயர் அவளுக்கு நினைவுக்கு வர மறுக்கிறது. ஒரு நகரமும் எரியவில்லை, ஒரு மணியும் அடிக்கவில்லை. ஆனால் ஊழி அங்கேயே தொடங்கிவிடுகிறது. குழந்தையின் பெயர் மறந்தவளால் எதையும் எரிக்க முடியும்.

தொலைக்காட்சித் தொடருக்கோ மூட்டையே மறந்துபோனது. 2019-இல், எட்டாம் பருவத்தின் மூன்றாம் பகுதியில், எட்டு வருடமாகப் பயம்காட்டிய பேய்ப்படை ஒரே இரவில், ஒரே குத்தில் பொடிப்பொடியாகிறது. ஐந்தாம் பகுதியில் தலைநகரம் சரணடைந்து மணி அடிக்கிறது. அதற்குப் பிறகுதான் டேனரிஸ் ஊரைக் கொளுத்துகிறாள். 'திடீர்னு பைத்தியமாக்கிட்டாங்க' என்று ரசிகர்கள் கொதித்தார்கள். திடீரென்று ஒன்றும் இல்லை. ஆறு வருடமாக அவள் எரித்துக்கொண்டுதான் இருந்தாள், நாம் ஆள் பார்த்துக் கைதட்டினோம்.

என் குறை வேறு. எரிக்கத் தொடங்கியதும் கேமரா அவள் முகத்தை விட்டுத் தெருவுக்கு இறங்கிவிடுகிறது. தெருவில் ஒரு தாயும் மகளும் கட்டிப்பிடித்தபடி கரிந்து கிடக்கிறார்கள். சிறுமியின் மரக்குதிரையும் கரிந்திருக்கிறது. இடையன் கொண்டுவந்த அதே குழந்தைதான் இது. முன்பு அவள் காலடிக்கு வந்த சாவு இப்போது அவள் கண்ணிலேயே படாத உயரத்தில் நடக்கிறது. அந்த இரண்டு குழந்தைகளையும் இணைக்க ஒரு காட்சி, ஏன், ஒரு வசனம் போதும். அது இருந்திருந்தால் அவள் வீழ்ச்சி நமக்கும் சேர்த்துக் கேட்கப்பட்ட கேள்வியாகியிருக்கும். இல்லாததால், அவளைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டு நாம் சுலபமாகக் கழன்றுகொண்டோம்.

நீலக்கண் பேய் வந்தால் யாருக்கும் அடையாளம் தெரியும். அதற்கு யாரும் கைதட்டப் போவதில்லை. நம் பக்கத்தில் நின்று நெருப்பு உமிழ்வதைத்தான் அடையாளம் காணத் தெரியவில்லை. அஸ்டபோர் காட்சியைச் சமீபத்தில் மறுபடியும் பார்த்தேன். இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.